சேற்றில் இறங்கிய சாமி

2020 நவம்பரில் ஜப்பானில் ஒரு வீடியோ கேம் வெளியானது. வாங்கியவர்கள் ஆரம்பத்திலேயே திணறிப் போனார்கள். அரக்கர்களை அடிக்கத் தெரியாமல் இல்லை. அதெல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நெல்தான் விளைய மாட்டேன் என்றது. நாற்றை எவ்வளவு இடைவெளி விட்டு நடுவது, தூர் கட்டும்போது எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும், எப்போது வயலைக் காயப் போடுவது, ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் அந்த நாட்டு விவசாய அமைச்சகத்தின் வெப்சைட்டைத் திறந்து, நெல் சாகுபடிப் பக்கங்களைப் படித்துவிட்டு வந்து ஆடினார்கள். விளையாட்டுக்கு அரசாங்கமே கோனார் நோட்ஸ் போட்ட கதை.

கேமின் பெயர் 'சகுனா'. தலைப்பின் மீதியைத் தமிழில் சொன்னால் 'நெல்லும் நாசமும்' என்று வரும். எடல்வைஸ் என்ற பெயரில் அடிப்படையில் இரண்டே பேர் சேர்ந்து செய்தது. 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, 2024-ல் அனிமேஷன் தொடராகவும் வந்துவிட்டது. கம்ப்யூட்டரிலும் பிளேஸ்டேஷனிலும் ஆடலாம் என்றாலும், நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற கையடக்க மெஷினில் ஆடுவதுதான் சுகம். தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் பாசஞ்சர் ரயிலில், சாலியமங்கலம் தாண்டியதும் ஆட ஆரம்பித்தால் இன்னும் விசேஷம். திரையிலும் நாற்று, ஜன்னலுக்கு வெளியேயும் நாற்று.

வீடியோ கேம் என்றதும் பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். இது நெல்லைப் பற்றிய கட்டுரை.

முதலில் ரோல் பிளேயிங் கேம் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஒரு கதாபாத்திரத்தின் வேஷத்தைக் கட்டிக்கொண்டு மாயாஜால உலகம் ஒன்றில் அலைகிறீர்கள். 1986-ல் 'டிராகன் க்வெஸ்ட்', அடுத்த வருஷம் 'ஃபைனல் ஃபேன்டஸி' என்று ஜப்பானில் இது தொற்றிக்கொண்டது. 1989-ல் கேம்பாய் வந்தபின் சட்டைப்பைக்குள் புகுந்தது. 1996-ல் போக்கிமான் வந்து உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் பிடித்துக்கொண்டு போனது. (வேஷம் கட்டுவது தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புதிதில்லை. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்கு ஆண்களே பெண் வேஷமும் கட்டி விடிய விடிய ஆடும் பாகவத மேளாவை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பேட்டரி தீராது.)

இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு சட்டம் உண்டு. எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளிகள். புள்ளி சேர்ந்தால் ஒரு லெவல் ஏறும். லெவல் ஏறினால் பலம் கூடும். பலம் கூடினால் இன்னும் பெரிய எதிரியைக் கொல்லலாம். எத்தனை அழகாகக் கதை சொன்னாலும் அடியில் ஓடுவது இந்தக் கணக்குதான்.

'சகுனா' இந்தக் கணக்கை உடைத்துவிட்டது. இதில் எத்தனை அரக்கனைக் கொன்றாலும் கதாநாயகியின் அடிப்படை பலம் ஓர் இம்மி கூடாது. நெல் அறுவடையானால்தான் கூடும். அதுவும் சும்மா இல்லை. எத்தனை விளைந்தது, ருசி எப்படி, மணம் உண்டா, பார்க்க லட்சணமாக இருக்கிறதா, குழைகிறதா என்று தனித்தனியாக மார்க் போட்டு, அதற்கேற்ப அவளுடைய வலிமை, ஆயுள், மந்திர சக்தி எல்லாம் ஏறும்.

இதை ஜப்பானியக் கற்பனை என்று நாம் வியக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை சம்பா சோறு சாப்பிட்டுத்தான் இளவட்டக்கல்லைத் தூக்க வேண்டும் என்று நம்ம பக்கத்தில் சொல்வார்களே, அது வேறு என்ன? கவுனிக்கு ஒரு குணம், கிச்சிலிச் சம்பாவுக்கு ஒரு குணம் என்று ஒவ்வொரு நெல்லுக்கும் ஒரு பலன் எழுதி வைத்த ஊர் இது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, கைக்கு இரண்டு கிலோ விதை கொடுத்து, அடுத்த வருஷம் நான்காகத் திருப்பிக் கொடு என்று கேட்டு, பாரம்பரிய ரகங்களை ஊர் ஊராகப் பரப்பிய நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் காலமானார். அவர் இருந்து இந்த கேமைப் பார்த்திருந்தால், ரகம் போதாது என்று குறை சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு யூகம்.

கதைக்கு வருவோம். சகுனா ஓர் அறுவடை தெய்வம். அப்பா போர்க்கடவுள், அம்மா நெல்லின் கடவுள், இருவரும் இப்போது இல்லை. அம்மா சேர்த்து வைத்த நெல்லைச் சாப்பிட்டுக்கொண்டு, குடித்துக்கொண்டு, தூங்கிக்கொண்டு தலைநகரத்தில் சொகுசாக இருக்கிறாள். வயலில் கால் வைத்தவளில்லை. (பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லா, வாசம் மயிலாப்பூர் என்று உங்களுக்கு யாராவது ஞாபகம் வந்தால் அது தற்செயலே.) பூலோகத்திலிருந்து பாலம் தாண்டி சில மனிதர்கள் தெய்வலோகத்துக்குள் வந்துவிட, அந்தக் கலாட்டாவில் தலைமைத் தெய்வத்துக்குப் படைக்க வைத்திருந்த நெல் எரிந்து நாசமாகிறது. தண்டனையாக அரக்கர்கள் திரியும் தீவுக்கு அவளை அனுப்பிவிடுகிறார்கள். கூடவே அந்த மனிதர்களையும். கொள்ளைக் கூட்டத்தில் இருந்த தாவெமோன், கொல்லுப்பட்டறைச் சிறுவன் கிண்டா, நெய்யத் தெரிந்த சிறுமி யுய், இன்னும் பேச்சு சரியாக வராத குழந்தை கைமாரு, அந்நிய மதம் ஒன்றைப் பரப்ப வந்த மிர்தே. தீவில் பாழடைந்த ஒரு வீடும் துண்டு நிலமும் இருக்கின்றன. சாப்பிட வேண்டுமானால் விளைவிக்க வேண்டும்.

சகுனா புலம்புகிறாள். சேறு என்கிறாள், நாற்றம் என்கிறாள், எருவைத் தொட மாட்டேன் என்கிறாள். தெய்வத்தைப் போய் வேலை வாங்குகிறீர்களே என்கிறாள். வேறு வழியில்லை. இறங்குகிறாள்.

இங்கேதான் கேம் உங்கள் கையைப் பிடித்துக்கொள்கிறது. மண்வெட்டியால் ஒவ்வொரு கொத்தாக நீங்கள்தான் கொத்த வேண்டும். விதைநெல்லைக் கரைசலில் போட்டு மிதக்கும் பதரை ஒதுக்க வேண்டும். நம் விவசாய ஆபீசர்கள் உப்புத் தண்ணீரில் கோழிமுட்டையை மிதக்கவிட்டுச் சொல்லித் தருவார்களே, அதன் ஒன்றுவிட்ட சகோதரன். நாற்றங்காலுக்குப் பிறகு நடவு. பின்னால் நகர்ந்தபடியே ஒவ்வொரு நாற்றாகக் குத்த வேண்டும். நெருக்கி நட்டால் நோய், கலக்க நட்டால் களை. மடையைத் திறந்து தண்ணீர் விட வேண்டும், வடிய வைக்க வேண்டும். அறுத்த கதிரைக் கொடியில் தொங்கவிட்டுக் காய வைக்க வேண்டும். முதல் வருஷம் கதிரடிக்கக் களமும் இல்லை, மாடும் இல்லை. இரண்டு குச்சிகளுக்கு நடுவே ஒவ்வொரு பிடியாக இழுத்து நெல்லை உதிர்க்க வேண்டும். கட்டைவிரல் வலிக்கும். இத்தனைக்குப் பிறகு முதல் வருஷத்து விளைச்சலைப் பார்த்தால் சிரிப்பு வரும். அப்புறம் குத்த வேண்டும். எவ்வளவு தீட்டுவது என்பதும் உங்கள் இஷ்டம். கைக்குத்தலாக வைத்துக்கொண்டால் ஒரு பலன், வெள்ளை வெளேர் என்று தீட்டினால் வேறு பலன்.

நான் பார்த்தவரையில் எந்த சினிமாவும் நடவை இத்தனை நேரம் காட்டியதில்லை. நம் படங்களில் நடவு என்றால் ஒரு பாட்டு; கதாநாயகி முழங்காலுக்கு மேல் சேறு படாமல் இரண்டு நாற்றைக் குத்திவிட்டு வரப்பேறிவிடுவாள். இந்த கேமிலும் நடவுக்குப் பாட்டு உண்டு. ஆனால் அது வேலையோடு சேர்ந்து வருகிறது. வேலை முடிந்தால் பாட்டும் நின்றுவிடும். நம் டெல்டாவில் குலவையிட்டுப் பாடி நட்ட பெண்களின் குரல் ஆராய்ச்சியாளர்களின் டேப்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பல ஊர்களில் இன்று நடவு மெஷின், இல்லாவிட்டால் மேற்கு வங்காளத்திலிருந்து வந்த ஆண்கள். அவர்களும் நன்றாக நடுகிறார்கள். செல்போனில் வங்காளிப் பாட்டு ஓடுகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த கேமை 'ஃபேன்டஸி' என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். கொம்பு முளைத்த முயல், வாள் பிடித்த மான் என்று அரக்கர்கள் வருவதால் அப்படி. தஞ்சாவூரில் உட்கார்ந்து ஆடுகிற எனக்கு அதெல்லாம் ஃபேன்டஸியாகவே படவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரி சேற்றில் இறங்குகிறாள், இறங்கினால்தான் அவளுக்கு பலம், இறங்காவிட்டால் ஒன்றுமில்லை என்பதுதான் இதில் உள்ள ஒரே மாயாஜாலம்.

நம் சரித்திரம் நேர் எதிர். ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த பெரிய கோயிலின் சுவர்களைப் பாருங்கள். எந்தெந்த ஊர் எத்தனை கலம் நெல் அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அளக்கிற மரக்காலுக்குக்கூட ஆடவல்லான் என்று இறைவன் பெயர். நெல்லை அளந்தவன், வாங்கியவன், விட்டுக்கொடுத்தவன், அதில் எரிந்த விளக்கு, பாடியவர், ஆடியவர் எல்லாம் பெயரோடு இருக்கிறார்கள். நட்டவள் பெயரைத் தேடிக் களைத்துப் போவீர்கள்.

சாமிகளும் அப்படித்தான். திருக்குவளை பக்கம் குண்டையூரில் சுந்தரருக்காகச் சிவபெருமான் மலை மலையாக நெல் கொடுத்தார் என்பது ஐதீகம். அத்தனை நெல்லையும் திருவாரூருக்குச் சுமந்தது யார்? பூதகணங்கள். தெய்வ காரியத்திலும் சுமை தூக்கத் தனியாக ஆள். நாற்று நட்ட சாமியும் நம்மிடம் இல்லாமல் இல்லை. கோயம்புத்தூர் பக்கம் பேரூரில் பட்டீஸ்வரரும் அம்பாளும் பள்ளரும் பள்ளத்தியுமாக வேஷம் போட்டு வயலில் நட்டார்கள் என்று இன்றும் ஆனி மாதத்தில் நாற்று நடவுத் திருவிழா நடக்கிறது. ஆனால் காரணத்தைக் கேளுங்கள். சுந்தரர் பொன் கேட்டு வருகிறார், கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள வேறு இடம் தோன்றவில்லை! சாமியைச் சேற்றில் யாரும் தேட மாட்டார்கள் என்பது சாமிக்கே தெரிந்திருக்கிறது.

தஞ்சாவூர் ஜில்லாவில் நிலத்தை ஏக்கரில் சொல்லும் வழக்கம் பிற்பாடு வந்தது. மா, வேலி என்றுதான் பேச்சு. 20 மா ஒரு வேலி, ஏறக்குறைய 6.6 ஏக்கர். நூறு வேலி மிராசுதார், ஆயிரம் வேலி மிராசுதார் என்று சொல்வார்கள். அத்தனை வேலியிலும் இறங்கியவர்கள் பண்ணையாட்கள். கேள்வி கேட்டால் சவுக்கடியும் சாணிப்பாலும். 1940-களில் பி. சீனிவாசராவ் வந்து கிராமம் கிராமமாகச் சங்கம் கட்டியபிறகுதான் அவை நின்றன. 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கும் 16 வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி நெல் கூடக் கேட்ட தகராறின் முடிவில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ்க்கோர்ட் தண்டித்த மிராசுதார்களை 1970-களில் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று இப்படிப் போகிறது: இவர்கள் நிறைய நிலமுள்ள பணக்காரர்கள், ஒருவர் காரே வைத்திருக்கிறார், இப்படிப்பட்டவர்கள் தாங்களே நேரில் நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

சொந்தக்காரர் நேரில் இறங்க மாட்டார் என்பது டெல்டாவில் வழக்கம் மட்டுமில்லை. கோர்ட்டில் சாட்சியாகவே நின்றிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு, சகுனா முதல் தடவை வயலில் கால் வைக்கும் காட்சியை ஆடிப் பாருங்கள். அவளைச் செய்த இரண்டு ஜப்பானியர்களுக்கு நம் கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் ஊரிலும் குத்தகைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அங்கே நிலச் சீர்திருத்தம் உருப்படியாக நடந்து, உழுதவன் கைக்கு நிலம் வந்தது.

இத்தனை புகழ்ந்தபிறகு சண்டையும் போட வேண்டும் இல்லையா? வேலையில் தெய்வத்தோடு மனிதர்களும் கூட நிற்கிறார்கள். யுய் நெய்கிறாள், கிண்டா மண்வெட்டி அடித்துத் தருகிறான், மிர்தே சமைக்கிறாள். அறுவடை முடிந்து மார்க் ஷீட் வந்தால் பலம் ஏறுவது சகுனாவுக்கு மட்டும். ஆயிரம் வருஷத்துக் கணக்கு புதுப் பெயரில் வந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. கேமைக் காப்பாற்றுவது ராத்திரிச் சாப்பாடு. நடுவில் அடுப்பு எரிய, சுற்றி எல்லோரும் ஒரே பானைச் சோற்றைச் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கொருவர் சண்டை போடுகிறார்கள், ஊர்க்கதை பேசுகிறார்கள். மிர்தே தன் கடவுளைப் பற்றிச் சொல்ல, இன்னொரு கடவுளான சகுனா வாயில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருக்கிறாள். தெய்வத்துக்குத் தனி இலை கிடையாது. பண்ணைக்குக் கொல்லைப்புறம் என்று ஒன்று இருந்ததும், அங்கே கொட்டாங்குச்சியில் தண்ணீர் ஊற்றியதும் தெரிந்த ஊர்க்காரர்களுக்கு இந்தச் சாப்பாட்டுக் காட்சிகள் சாதாரணமாக நகராது.

தண்ணீர் விஷயத்தில் இந்த கேமுக்குப் பாஸ் மார்க் போட மாட்டேன். பலகையைத் தூக்கினால் தண்ணீர் வருகிறது. மேலே யாரும் இல்லை. கேட்க வேண்டிய ஆளும் இல்லை. நம் தண்ணீர் தலைக்காவிரியில் கிளம்பி, கர்நாடகத்து அணைகளில் கணக்குச் சொல்லி, மேட்டூரில் 120 அடிக்கு ஏறி இறங்கி, கல்லணையில் பங்கு பிரிந்து, வாய்க்கால் கதவுக்கு லஸ்கர் மனசு வைத்தால்தான் கடைமடைக்கு வரும். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் தேதி என்பது ஏட்டில். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2023-ல் சரியாக ஜூன் 12-ல் திறந்து, பாதி வழியில் தண்ணீர் தீர்ந்து, கடைமடைக் குறுவை கண் எதிரே காய்ந்தது. 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தார்கள். 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் பிலிகுண்டுலுவில் வர வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது. டி.எம்.சி. என்ற வார்த்தையைப் பால்காரர்கூடச் சரியாக உச்சரிக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு, மடையைத் திறந்ததும் தண்ணீர் வருகிற கேமை ஆடினால் பொறாமை வருமா, வராதா?

விற்பதும் இல்லை. விளைந்ததைச் சாப்பிட்டால் கணக்கு முடிந்தது. ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் மூட்டை நகராது, அதற்குள் மழை வந்தால் சாக்குக்குள்ளேயே முளைக்கும் என்கிற திகில் எந்த அரக்கனிடமும் இல்லை.

சண்டைப் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அரிவாளும் மண்வெட்டியும் ஆயுதங்கள், தோளில் கிடக்கும் தெய்வீகத் துண்டை வீசி எதிரியைக் கட்டி இழுக்கலாம். முதல் பத்து மணி நேரம் ஜோராக இருக்கும். பிறகு அதே குகை, அதே பன்றி. அடுத்த இடத்துக்கு வழி திறக்கப் பழைய இடத்தில் போய் இதைத் தேடு, அதைத் தேடு என்று ரேஷன் கடை மாதிரி அலைக்கழிப்பார்கள். எழுத்துகள் கையடக்கத் திரையில் பொடி. நாற்பது தாண்டியவர்கள் கண்ணாடியை மாட்டிக்கொள்ளவும்.

இன்னொரு எச்சரிக்கை. கேமில் ஒரு வருஷம் என்பது பன்னிரண்டு நாள், பருவத்துக்கு மூன்று. இரண்டு மூன்று வருஷம் போனால் உங்களுக்கு அலுப்புத் தட்டும். அப்போது மெனுவில் ஒரு வசதி கண்ணில் படும். உழவையும் நடவையும் தாவெமோனிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் அரக்கர் வேட்டைக்குப் போகலாம். பட்டனைத் தட்டினால் போதும். வரப்பில்கூட நிற்க வேண்டாம்.

தாவெமோனுக்கு இதற்குக் கூலி எவ்வளவு என்று மெனுவில் தேடிப் பார்த்தேன். அப்படி ஒரு வரி அதில் இல்லை.